கண்ணூறுக்கு வைத்த பொட்டு

பொம்மைக்கு வியர்த்திருந்தது.

சாருஜா தொட்டுப் பார்த்தாள். வழவழத்த மர நெற்றியில் ஈரம். மார்கழி மாதம், பின்னேரமே இருட்டி, ஜன்னலில் பனி ஒட்டிக்கொண்டிருந்தது. ஹீட்டர் டிக் டிக்கென்று சூடேறியது. வீடெல்லாம் செத்தல் மிளகாய் சுட்ட நெடி. புகைக்கு அலாரம் கத்தாமலிருக்க அதன் பற்றரியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தாள்.

பொம்மை, கீழ்வீட்டுக் கத்தரின் ஜப்பானுக்குப் போய்வந்து கொடுத்தது. கையில்லை, காலில்லை, உருண்டைத் தலை, உருளை உடம்பு, மையால் கீறிய கண்ணும் வாயும். கொடுத்தவள் எட்டு மாத மிதுராவைத் தூக்கி, என்ன அழகு, என்ன அழகு என்று வாய் ஓயாமல் புகழ்ந்துவிட்டுப் போனாள். நல்ல மனுசிதான். ஆனால் கண் யாரைக் கேட்டு விழுகிறது? அன்றிரவே பிள்ளைக்கு அனலாய்க் காய்ந்தது. மருந்துக்கும் இறங்கவில்லை, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டும் இறங்கவில்லை. வேறு வழி தெரியாமல்தான், பிள்ளையின் நெற்றியில் வைத்த அதே கறுப்புப் பொட்டைப் பொம்மைக்கும் வைத்து அலமாரியில் இருத்தினாள். எது பிள்ளையென்று தெரியாமல் கண்ணூறு தடுமாறட்டும்.

தடுமாறியது. பொம்மை வியர்க்க வியர்க்க மிதுராவின் காய்ச்சல் இறங்கியது. சாருஜாவுக்கு நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது.

சூடு இறங்கிக்கொண்டே போனது. புருசனுக்குப் போன் எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, பிள்ளைக்கு மேல் குளிருது. கண் வெட்டுதில்லை. கெதியா வாங்கோ."

"பாலத்தில நிக்கிறன். ஸ்னோவில ஒண்டும் அசையுதில்லை." வேலை முடிந்து, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் புரோசார்ட்டிலிருந்து வந்துகொண்டிருந்த றொஷானின் குரல் உடைந்தது. "911க்கு அடியும், சாரு. இப்பவே அடியும்."

அடித்தாள். வருகிறோம் என்றார்கள். அதுவரைக்கும் பிள்ளையின் கையையாவது பிடித்துக்கொண்டிருக்கலாமென்று தொட்டிலில் குனிந்து, போர்வைக்குள் தேடினாள்.

கை இல்லை.

இன்னும் தேடினாள். வழவழப்பு. உருளையாய், நேராய், கீழ்வரை வழவழப்பு.

"முருகா, வேண்டாம். நான் வச்சதை நானே எடுக்கிறன்."

ஈரத்துணியோடு அலமாரிக்கு ஓடினாள். பொம்மையின் பொட்டைத் தேய்த்தாள். போகவில்லை. அழுத்தித் தேய்த்தாள். தேய்த்த இடம் சிவந்தது. மெத்தென்று அமுங்கியது.

திரும்பத் தொட்டிலுக்கு ஓடினாள். பிள்ளையின் நெற்றியைத் துடைத்தாள். பொட்டு வந்தது. உடனே வந்தது.

கூடவே புருவமும் வந்தது.

வெடுக்கென்று கையை எடுக்கப் போனாள். துணி கீழே இழுபட்டது. ஒரு கண். மற்றது. வாய்.

அலமாரியில் குழந்தையொன்று வீரிட்டு அழத் தொடங்கியது.

"மிதுரா!" என்று சாருஜா கத்தினாள். தொட்டிலில் கிடந்த வெறும் மரம், போர்வையை மூச்சால் ஏற்றி இறக்கியபடி, அம்மாவின் குரல் வந்த பக்கம் மெல்லத் தலையைத் திருப்பியது.