ஒன்பதாவது கேள்வி

எர்ணாவூரில் அந்தக் குடியிருப்பின் பதினொன்றாம் பிளாக்கை நான் எட்டியபோது நாலு மணியாக ஐந்து நிமிடம் இருந்தது. கரண்ட் இல்லை. மழைமேகம் இறங்கிப் பகலிலேயே படிக்கட்டு இருண்டு கிடந்தது. நாலு மாடி ஏற வேண்டும். லிஃப்ட் இருக்கிறது, ஆனால் அதற்குள் யாரோ சைக்கிளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

என் பெயர் ஜானட். ராயபுரத்துக்காரி. உளவியலில் எம்.ஏ. முடித்துவிட்டு, ஒரு ஆராய்ச்சிக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது என் பிழைப்பு. மூன்று வருடத்துக்கு முன் இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வாயு கசிந்து, ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு ரோட்டுக்கு ஓடினார்கள். அது இந்தக் குடும்பங்களின் மனதை என்ன செய்தது என்பதுதான் ஆராய்ச்சி. வீட்டுக்கு மூன்று முறை போய், போகும்போதெல்லாம் அதே பன்னிரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். பதில் சொல்ல ஒரு அட்டை இருக்கிறது. அதில் நாலு டம்ளர் படம். காலி டம்ளர் என்றால் இல்லவே இல்லை, கால் டம்ளர் என்றால் சில நாள், முக்கால் என்றால் பல நாள், நிறைந்தது என்றால் தினமும். படிக்கத் தெரியாதவர்களும் விரல் வைத்துக் காட்டிவிடலாம்.

ஒன்பதாவது கேள்வி மட்டும் வேறு மாதிரி. செத்துப்போய்விடலாம் என்று தோன்றியதா என்று கேட்க வேண்டும். காலி டம்ளரைத் தவிர வேறு எதைக் காட்டினாலும், இடத்தைவிட்டு நகராமல் ஆராய்ச்சியை நடத்தும் எழில்மொழி டாக்டருக்குப் போன் போட வேண்டும். அதற்கு விதிவிலக்கே கிடையாது.

இது மூன்றாவது முறை. இரண்டாவது முறை நான் வரவில்லை.

ஆமாம், வரவில்லை. மார்கழியில், முந்தின நாளே இந்த வீட்டில் பதில் சொல்லும் செங்கொடிக்குப் போன் போட்டு "நாளைக்கு நாலு மணிக்கு வர்றேன்கா" என்று சொல்லிவிட்டு, கீழே டீக்கடை வரைக்கும்தான் வந்தேன். அன்றைக்கு ஐந்து வீடு முடித்திருந்தேன், கால் விட்டுப்போயிருந்தது. நாலாவது மாடியை அண்ணாந்து பார்த்தேன். பிறகு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, முதல் முறை அவள் சொன்ன பதில்களையே கொஞ்சம் மாற்றிப்போட்டுப் படிவத்தை நிரப்பினேன். ஒன்பதாவதுக்குக் காலி டம்ளர். எங்கள் வேலையில் பலரும் ஒரு தடவையாவது செய்கிற காரியம்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாதாமாதம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவள் நான். அம்மாவிடம் எரிந்து விழுந்ததைக்கூட ஃபாதரிடம் சொல்லியிருக்கிறேன். இது பாவம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கதவைத் திறந்தது செங்கொடியின் புருஷன் மாரியப்பன், கன்டெய்னர் யார்டில் லோடு ஏற்றுகிறவர். அவருக்குப் பின்னால் சுவரில் செங்கொடியின் போட்டோ. அதற்கு மாலை போட்டிருந்தது.

"தெரியாதா மேடம்?" என்றார். "நீங்க வந்துட்டுப் போனதுக்கு அப்பால பதினோராம் நாளு. அவளே முடிச்சிக்கினா."

வந்துட்டுப் போனது. இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம்.

ஒரே அறை, மூலையில் சமையல் மேடை. பிளாஸ்டிக் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார். மகள் மாயா ஜன்னலோரம் நின்றாள். பத்தொன்பது வயது. ஏற்றுமதி கம்பெனியில் தைக்கிற பெண், முதல் முறை வந்தபோது ஓயாமல் சிரித்துக்கொண்டிருந்தவள். இப்போது என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"அன்னிக்கு நான் டூட்டில இருந்தேன் மேடம்," மாரியப்பன் தாழ்ந்த குரலில் சொன்னார். "நீங்க வரீங்கன்னு வேலைக்குக்கூட போவல அவ. வூட்டையே கழுவி வுட்டா. ஒரு மணி நேரம் உங்களாண்ட பேசிக்கினு இருந்தாளாமே. எதிர்வூட்டு சீனியம்மா காதால கேட்டுது. என்னாண்ட அவ ஒரு வார்த்த சொல்லல. உங்களாண்ட இன்னாதான் சொன்னா? அத்த மட்டும் சொல்லுங்க."

ஒரு மணி நேரம்.

நான் டீக்கடையில் இருந்தேன். அப்படியென்றால் அவள் பேசியது இந்தக் காலி நாற்காலியிடம். நான் கேட்கவேண்டிய கேள்விகளுக்கு, நான் இல்லாமலே பதில் சொல்லியிருக்கிறாள்.

அந்த மனிதர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன், "நல்லாத்தான் பேசினாங்கண்ணா. உங்களப் பத்தி ரொம்ப நல்லா சொன்னாங்க."

அந்த நிமிடத்தில்தான் அந்த நாற்றம் வந்தது. கண்ணைக் கரிக்கிற, தொண்டையைச் சுரண்டுகிற வாயு நாற்றம். முதல் முறை வந்தபோது செங்கொடி சொன்னது நினைவுக்கு வந்தது: "அந்த ராத்திரி நாத்தம் மூக்குலயே ஒட்டிக்கினு கீதும்மா. ஊருக்கெல்லாம் போயிட்ச்சு, எனக்கு மட்டும் போவல." அதையும் நான் ஒரு முக்கால் டம்ளராகத்தான் குறித்திருந்தேன்.

மற்ற இருவரும் மூக்கைச் சுளிக்கவில்லை. இப்போது அது எனக்கு மட்டும்.

விதிப்படி, பதில் சொன்னவர் இறந்துவிட்டால் வீட்டில் அடுத்து இருக்கும் பெண்ணைக் கேட்க வேண்டும். யாரும் கூட இருக்கக்கூடாது என்பதால் மாரியப்பன் வெளியே வராந்தாவுக்குப் போனார். மாயா என் எதிரில் உட்கார்ந்தாள். அட்டையை நீட்டினேன். சீக்கிரம் கேட்டு முடித்து ஓடிவிட வேண்டும், அவ்வளவுதான் என் மனதில் இருந்தது.

"தூக்கம் வராம கஷ்டப்பட்டியா?"

காலி டம்ளரில் விரல் வைத்தாள்.

சமையல் மேடைப் பக்கம் டக்கென்று ஒரு சத்தம். குழாய்க்குக் கீழே ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அதில் ஒரு சொட்டு விழுந்திருந்தது.

"சாப்பாடு பிடிக்காமப் போச்சா?"

காலி டம்ளர். டக்.

"குழாய மூடலயா?" என்றேன்.

"காலைலதான் தண்ணி வரும்," என்றாள் மாயா. "இப்ப வராது."

கேள்விக்குக் கேள்வி அவள் காலி டம்ளரையே காட்டினாள். கேள்விக்குக் கேள்வி தண்ணீர் விழுந்தது, முதலில் சொட்டாக, பிறகு நூலாக. டம்ளர் நிறைய நிறையச் சத்தம் மாறுமே, அடிவயிற்றிலிருந்து கழுத்துக்கு ஏறுகிற மாதிரி. அப்படி ஏறியது. மாயா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கண்கள் அட்டையிலேயே இருந்தன.

ஒன்பதாவது. "செத்துப்போயிடலாம்னு... தோணுச்சா?"

காலி டம்ளர்.

நான் பேனாவை எடுத்தேன்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

என் பாதத்தில் ஏதோ சில்லென்று பட்டது. குனிந்தேன். டம்ளர் வழிந்து, மேடையிலிருந்து தரைக்கு இறங்கி, மாயாவைத் தொடாமல் சுற்றிக்கொண்டு, என் கால்விரல்களுக்கு வந்திருந்தது தண்ணீர். நாற்றம் இப்போது என் முதுகுக்குப் பின்னால், மிகப் பக்கத்தில் இருந்தது.

யாரோ குனிந்து என் காதோரம் மூச்சு விட்டார்கள்.

"திருப்பிக் கேளு."

கரகரத்த குரல். எனக்குத் தெரிந்த குரல்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். அட்டையைத் தள்ளிவிட்டு மாயாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "மாயா, ஃபாரத்துக்காக கேக்கல. நெஜமா சொல்லு. தோணுதா?"

அவள் கையை உருவி, அட்டையைத் தானே இழுத்து, கடைசிப் படத்தின் மேல் விரலை வைத்தாள். நிறைந்த டம்ளர். நகம் வெளுக்கும்வரை அழுத்தினாள்.

"எப்படின்னுகூட முடிவு பண்ணிட்டேன்கா," என்றாள். "நீங்க கேக்காம போயிடுவீங்கன்னு நெனச்சேன்."

நான் அங்கேயே உட்கார்ந்து எழில்மொழி டாக்டருக்குப் போன் போட்டேன். "அந்தப் பொண்ண ஒரு நிமிஷம்கூட தனியா விடாத. அரை மணி நேரத்துல ஆம்புலன்ஸ் வரும்," என்றார். மாரியப்பனை உள்ளே கூப்பிட்டு மகளின் நிலைமையைச் சொன்னேன். அவர் பதறிப்போய் அவளைக் கட்டிக்கொண்டார். அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் நல்லவளாகவே வெளியே வந்திருப்பேன்.

"அண்ணா, அன்னிக்கு நான் வரல," என்றேன். "கீழ டீக்கடையில உக்காந்து நானே எழுதிக்கிட்டேன். அவங்க என்கிட்ட ஒண்ணும் சொல்லல. நல்லா பேசினாங்கன்னு இப்ப சொன்னதும் பொய்."

அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தேவலாம். அவர் அந்த நாற்காலியைத்தான் பார்த்தார்.

"அப்போ ஒரு மணி நேரம்... தனியாவா பேசிக்கினு இருந்தா?"

நான் அழுதேன். அவர் அழவில்லை. ஆம்புலன்ஸ் வந்ததும் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு படி இறங்கினார். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் கடைசியாகக் கிளம்பினேன். டம்ளர் குழாய்க்குக் கீழே காய்ந்து கிடந்தது. என் பாதம் மட்டும் ஈரமாக இருந்தது.

மாயா உயிரோடு இருக்கிறாள். வாரா வாரம் டாக்டரிடம் வருகிறாள், என்னைக் கண்டால் லேசாகத் தலையசைக்கிறாள். எழில்மொழி டாக்டரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். இது போல இன்னும் ஆறு வீட்டுக்குப் போகாமலே எழுதியிருந்தேன், அதையும் சொன்னேன். வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அந்த ஆறு வீட்டுக்கும் நீயே போ. இந்த வாரமே போ," என்றார். இரண்டாவது ஞாயிறு ஃபாதரிடமும் சொன்னேன். மனம் கொஞ்சம்கூட லேசாகவில்லை.

ஆறில் முதல் வீடு காத்திவாக்கத்தில். காலை பத்து மணி, சுள்ளென்று வெயில். குப்பம்மா என்ற அம்மாள், ஐம்பது வயதிருக்கும், வாசலில் வலையைப் பரப்பிப் பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அட்டையை நீட்டி ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவசரப்படவில்லை. அவளும் நிதானமாக விரல் வைத்துக் காட்டினாள், ஆனால் பதில் சொல்லும்போதெல்லாம் என்னைப் பார்க்காமல் என் தோளுக்கு மேலேயே பார்த்தாள்.

எட்டு கேள்வி முடிந்தது. ஒன்பதாவதுக்கு மூச்சை இழுத்துக்கொண்டேன்.

"அத்த ஏம்மா மறுக்கா கேக்குற?" என்றாள் குப்பம்மா. "நீ பைய தொறந்துகினு இருக்கசொல்லவே, உங்கூட வந்த அம்மா கேட்டுட்ச்சே."

"நான் தனியாத்தான் வந்தேன்மா."

அவள் வலையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். கண்களில் நீர் கட்டியிருந்தது.

"ஆமான்னு அதாண்ட சொல்லிட்டேம்மா. தெனமும்னு சொன்னேன். உன்ன போன் போட வைக்கிறேன்னு சொல்லுச்சு. இன்னும் போடலியா நீ?"