பெரிய பெயருக்குக் கீழே

வினோஜன் கண்களைக் கசக்கிக்கொண்டே பள்ளிக்கூடத்திலிருந்து வந்தான். மரங்கள் பூக்கும் மாதம் வந்தால் அவனுக்கு இப்படித்தான். கண் சிவந்து, அரித்து, வீங்கிவிடும்.

திங்கட்கிழமை பள்ளிச் சுற்றுலா. ஹோட்டன் சமவெளிக்குப் போய், 'உலக முடிவு' என்னும் பெரும் பள்ளத்தின் விளிம்பில் நிற்கப் போகிறார்கள். கண் சரியாகாவிட்டால் அவனைக் கூட்டிப்போக முடியாது என்று ஆசிரியர் சொல்லிவிட்டார்.

"நீ பாத்துட்டு வந்து சொல்லுக்கா" என்றான். அவன் அழுகிறானா, கண்தான் நீர் வடிக்கிறதா என்று அக்கா நிலக்ஷிக்குத் தெரியவில்லை.

டாக்டர் போன வருடக் கண்மருந்தையே மறுபடியும் எழுதியிருந்தார். அதை வாங்க ஹட்டன் நகரத்துக்குப் போன அப்பா வெறுங்கையோடு திரும்பினார். அந்த மருந்து எந்தக் கடையிலும் இல்லையாம். ஒரு கடையில் வேறொரு பெட்டியை நீட்டினார்களாம். விலையும் குறைவாம். அப்பா வேண்டாமென்று வந்துவிட்டார்.

"பேரே வேற, புள்ள. கண்ணு விசயத்துல வெளாட முடியுமா?"

அதிலும் நியாயம் இருந்தது. நிலக்ஷி தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

அடுப்பங்கரையில் இரண்டு தேயிலைத்தூள் இருந்தன. ஒன்று, அம்மாவுக்குத் தோட்டத்தில் கொடுக்கும் சாதாரணப் பை. மற்றது, கொழும்புச் சித்தி கொண்டுவந்த தங்கநிறப் பெட்டி. அதன் அடியில் சின்ன எழுத்தில் தங்கள் தோட்டத்தின் பெயரைக் கண்டதும் அம்மா அன்று விழுந்து விழுந்து சிரித்தார்.

"நான் பறிச்ச கொழுந்து கொழும்புக்குப் போயி, சட்டை மாத்திட்டு வந்திருக்கு."

நிலக்ஷி கேத்தலை அப்படியே வைத்தாள். போன வருட மருந்துப் பெட்டியைத் தேடினாள். அதில் வினோஜன் ஒரு வண்டைக் குடிவைத்திருந்தான். வண்டை வெளியே விட்டுவிட்டுப் பெட்டியைத் திருப்பினாள். பெரிய பெயருக்குக் கீழே சின்ன ஆங்கில எழுத்துகள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒலோபடடின். பக்கத்தில் மருந்தின் அளவு.

மறுநாள் சனிக்கிழமை. அவளும் அப்பாவோடு பஸ் ஏறினாள். அப்பா நேற்றுப் போன அந்த மருந்துக்கடையில் இருந்தவர் யோகராணி, யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் அந்த இன்னொரு பெட்டியைக் கேட்டு வாங்கி, பழையதன் பக்கத்தில் வைத்தாள்.

நிறம் வேறு, பெரிய பெயர் வேறு, செய்த நாடும் வேறு. கீழே அதே எழுத்துகள், அதே அளவு.

நிலக்ஷி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருவரை ஒருவர் பார்த்தேயிராத மனிதர்கள், கடலுக்கு அப்பால் வேறு வேறு ஊர்களில், ஒரே மருந்தைச் செய்திருக்கிறார்கள். அது இந்த மலைக்கு, அவள் தம்பியின் கண்ணுக்கு, வந்து சேர்ந்திருக்கிறது.

யோகராணி டாக்டரின் சீட்டையும் ஒருமுறை பார்த்தார். "பெரிசா இருக்கிறது கொம்பனி வச்ச பேர். சின்னனா இருக்கிறதுதான் மருந்தின்ர பேர். ரெண்டும் ஒண்டுதான், பிள்ளை."

"இத நேத்தே சொல்லியிருக்கலாமே, மிஸ்" என்றார் அப்பா.

"சொல்லத்தான் வெளிக்கிட்டன், அண்ணை. நீங்கள் அதுக்குள்ள படி இறங்கிட்டியள்."

அப்பா தலையைச் சொறிந்துகொண்டார்.

திங்கட்கிழமைக்குள் வீக்கம் வற்றிவிட்டது. வினோஜனும் பஸ்ஸில் ஏறினான், அதுவும் ஜன்னலோரத்தில்.

உலக முடிவில் முதலில் மூடுபனி மட்டுமே இருந்தது. பிறகு காற்று வீசியது. பனி திரைபோல விலகியது. நின்ற இடத்திலேயே மலை முடிந்துபோயிருந்தது. காலுக்குக் கீழே, எங்கோ ஆழத்தில், தேயிலைத் தோட்டங்கள் பாசித் துண்டுகளாகத் தெரிந்தன. ஒரு பறவை அவர்களுக்குக் கீழே பறந்துபோனது. பிள்ளைகள் குனிந்து அதன் முதுகைப் பார்த்தார்கள்.

அன்று முழுவதும் வினோஜன் ஒரே ஒரு தடவைதான் கண்ணைக் கசக்கினான். தான் பார்ப்பது நிஜம்தானா என்று.