கோடு தொடங்கிய இடம்

காலை ஆறு மணி. ஆம்பூருக்கு வெளியே ஏரிக்கரையில் பூவரசனின் இரண்டு மாடுகளும் வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தன. தண்ணீர் நீலம் பாரித்திருந்தது. மேட்டிலிருந்த தோல் பதனிடும் ஷாப்பில் இரவு யாரோ கழிவுத் தண்ணீர் வால்வைத் திறந்துவிட்டிருந்தார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் ஹேமலதா ஷாப்புக்கு வந்து சேர்வதற்குள் ஊர் தீர்ப்பே சொல்லிவிட்டது. ஷாப்பின் பம்ப் ஆபரேட்டர் சமீருல்லாவின் உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அடித்தவன் பூவரசன்.

"இவர்தான்னு யார் சொன்னது?" ஹேமலதாவுக்கு உச்சந்தலை வரை கொதித்தது.

"நான்தான் மேடம்." மேனேஜர் நவநீதன் முன்னால் வந்து கேமரா பதிவைக் காட்டினார். ரெயின்கோட் போட்ட ஆள், முகத்தில் துணி. வால்வைத் திறந்துவிட்டுத் தூணை ஒட்டி நிமிர்ந்தபோது, தலை அதில் பூசியிருந்த மஞ்சள் கோட்டைத் தொட்டது. அவள் அந்தத் தூணில் டேப் வைத்துப் பார்த்தாள். ஐந்தடி ஒன்பது அங்குலம்.

"கேட் பூட்டியிருந்துச்சு. நைட் ஷிப்ட்ல அஞ்சு பேர். போன் கேமராவுலயே உசரம் அளக்கலாம் மேடம். தரையைக் காட்டி, தலையைக் காட்டினா சொல்லிடும். அஞ்சு பேரையும் அளந்தேன். நாலு பேர் கம்மி. சமீருல்லா மட்டும் கரெக்டா அஞ்சு ஒன்பது. லீவு தரலைன்னு சண்டை வேற போட்டான்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான், ஆபீஸ் ரூம்ல. தூங்கிட்டேன்."

ஹேமலதா சமீருல்லாவின் பக்கம் திரும்பினாள். அவர் கண்கள் நேருக்கு நேராக அவள் கண்களைப் பார்த்தன. அவள் உயரம் ஐந்தடி நாலு.

"போனைக் குடுங்க."

ஐந்து படங்கள். நான்கில் அளவுக் கோடு குதிகாலில் தொடங்கியது. ஐந்தாவதில் சமீருல்லா சிமென்ட் மேடையின் விளிம்பில் நின்றிருந்தார். கோடு தொடங்கியது கீழே, சாக்கடையின் அடியில்.

ஐந்து பேரையும் டேப்பில் அளக்கச் சொன்னாள். நாலு பேருக்கு போன் சொன்னதே வந்தது. சமீருல்லா ஐந்தடி ஐந்து.

"போன் பொய் சொல்லல மேனேஜர். தரைன்னு நீங்க சாக்கடையைக் காட்டினீங்க, அது நம்பிடுச்சு. நாலு அங்குலம் ஜாஸ்தி. சரி, ராத்திரி உள்ள இருந்தது ஆறு பேர். ஆறாவது ஆளோட படம் எங்க?"

"படம் எடுத்ததே நான்தானே மேடம்..."

"அதைத்தான் யாரும் யோசிக்கல. தூணுகிட்ட நில்லுங்க."

அவர் நகரவில்லை. அவள் அவரைத் தோளைப் பிடித்துத் தள்ளி நிறுத்தினாள். தலை மஞ்சள் கோட்டைத் தொட்டது.

"சுத்திகரிப்பு மெஷின் ரிப்பேர் மேடம்," நவநீதன் கையெடுத்துக் கும்பிட்டார். "தொட்டி நிரம்பிடுச்சு. வெளிய சொன்னா ஷாப்புக்கு சீல் வெச்சிடுவாங்க..."

"அதுக்கு ஊர்த் தண்ணில விஷத்தை விட்டு, பழியை ஒரு தொழிலாளி தலையில கட்டுவியா? ஏறுடா ஜீப்புல!"

கூட்டம் ஜீப்புக்கு வழிவிட்டது. பூவரசன் மெல்லக் கிட்டே வந்தான். "சமீரு, கோவத்துல அடிச்சிட்டேன். போன்ல அப்படிக் காட்டுச்சுடா..."

சமீருல்லா ரத்தத்தைத் துப்பினார். "மூணாங்கிளாஸ்லருந்து ஒண்ணாப் படிச்சோம். வரிசையில நான்தான் முதல் ஆளு. குள்ளான்னு எனக்குப் பேர் வெச்சதே நீதான். என் உசரம் இன்னான்னு ஒரு போன் சொல்லித்தான் உனக்குத் தெரியணுமா?"

பூவரசன் ரத்தத்தைத் துடைக்கத் தன் துண்டை நீட்டினான்.

"மேடம்," என்றார் சமீருல்லா. "என்னை அடிச்சவன் பேர்லயும் கம்ப்ளெய்ன்ட் எழுதிக்கங்க."