லிஃப்ட் குழி

செவ்வாய்ப்பேட்டையில் அந்த ஆறு மாடி ஜவுளிக் கட்டடம் எழுந்தபோது, சுற்றுவட்டார ஜனமெல்லாம் பஸ் ஏறி வந்து அண்ணாந்து பார்த்தது. பரமத்தி வேலூரிலிருந்து வந்த பெண்கள் சேலை எடுத்ததைவிட லிஃப்டில் ஏறி இறங்கியதே அதிகம். அந்நிய ஆணோடு கூண்டுக்குள் நிற்க அவர்கள் கூச்சப்பட்டதால், லிஃப்டை ஓட்ட முதலாளி ஒரு பெண்ணையே தேடினார். கட்டடத்தைக் கட்டி முடித்து, அங்கேயே மேற்பார்வைக்கு இருந்துவிட்ட மேஸ்திரி உபகாரசாமி தன் தங்கை இசபெல்லாவைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. புருஷன் அற்புதராஜ் அதே கட்டடத்தில் கம்பி கட்டியவன். அஸ்திவாரம் போட்ட சமயம், கூட வேலை செய்த ஒருத்தியோடு பம்பாய்க்கு ஓடிப்போனான். ரயிலேறியதைக் கண்ணால் பார்த்ததாக அண்ணனே வந்து சொன்னான். இசபெல்லா அழவில்லை. கல்யாணப் போட்டோவை அடுப்பில் போட்டாள். அன்றிலிருந்து ஜெபத்தில்கூட அவன் பெயரைச் சொல்லவில்லை.

லிஃப்ட் ஓட்டுவது சீக்கிரமே கைக்குப் பழகியது. பிடியை ஒரு பக்கம் தள்ளினால் மேலே, மறுபக்கம் தள்ளினால் கீழே. தளத்துக்குச் சமமாக நிறுத்துவதில்தான் சாமர்த்தியம். மேல் தளங்களில் சரியாக நிற்கும். தரைத்தளத்தில் மட்டும், என்ன செய்தாலும், ஒரு சாண் கீழே இறங்கியே நிற்கும்.

ஒரு கோடைகாலத்து மத்தியானம். கடையில் கூட்டமில்லை. காலியாக இறங்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. லிஃப்ட் குலுங்கி நின்றது.

கும்மிருட்டு. மின்விசிறி ஓய்ந்த பிறகுதான் அந்த வாசனை வந்தது. அப்போதுதான் கலந்த சிமெண்டின் ஈர வாசனை.

கட்டட வேலை முடிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

பிறகு லிஃப்ட் நகர்ந்தது. கரண்ட் இல்லாமல், மெதுவாக, கீழ்நோக்கி.

கம்பிக் கதவு வழியே தரைத்தளத்தின் வெளிச்சம் தெரிந்தது. கடையின் தரை அவள் இடுப்புக்கு வந்தது. கண்ணுக்கு வந்தது. தலைக்கு மேலே போய் மறைந்தது.

அதற்குக் கீழே தளமே கிடையாது.

இருட்டில் கதவைத் துழாவினாள். கம்பிகளுக்கு வெளியே சுவர் விரலில் பட்டது. ஈரமாக இருந்தது. விரல் உள்ளே போனது.

உள்ளேயிருந்து ஏதோ அந்த விரலைப் பற்றிக்கொண்டது.

"ஏ புள்ள..." வாய் நிறைய மண்ணை அடைத்துக்கொண்டு பேசுவது போல ஒரு குரல். "நா எங்கயும் போகுல புள்ள."

கரண்ட் வந்தது. விரல் விடுபட்டது. லிஃப்ட் தானாகவே மேலேறி நின்றது. இசபெல்லா தடுமாறி வெளியே வந்தபோது உபகாரசாமி மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தான். அவன் ஒருநாளும் லிஃப்டில் ஏறியதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அண்ணா, அவரு ஓடிப்போகுல. கீழதான் இருக்காரு. எங்கிட்டப் பேசுனாரு."

"பைத்தியமா உனக்கு?" அவன் சீறினான். "கழுத்து வரைக்கும் காரையில முங்குனவன் எப்படிப் பேசுவான்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குப் புரிந்தது.

இசபெல்லா படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப உசுரு இருந்துச்சா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கால் தவறி உளுந்துட்டான். பாதியில நிறுத்துனா காரை ஒட்டாது, ஆறு மாடியும் நிக்காதுன்னு முதலாளி சொன்னாரு..."

"நீதான் என் ஊட்டுக்கு வந்து பம்பாய்னு சொன்ன."



போலீஸ் ஸ்டேஷனில் அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்கள். அஸ்திவாரத்தை உடைத்தால் கட்டடமே சரியும் என்று கைவிரித்தார்கள். முதலாளி அவளை வேலையை விட்டு நிறுத்தினார். சில வருஷம் கழித்துப் பழைய கூண்டையும் கழற்றிவிட்டு, ஓட்ட ஆளே வேண்டாத புது லிஃப்டை மெட்ராஸிலிருந்து வரவழைத்தார்.

திறப்பு நாளன்று இசபெல்லா வாசலோரம் கூட்டத்தில் நின்றாள். அவளை யாரும் கவனிக்கவில்லை. மெக்கானிக் சரவணமுத்து பெருமையாக விளக்கினான்: "பட்டனை அழுத்துனாப் போதுமுங்க. ஆளு அதிகமா ஏறுனா மணி அடிக்கும். ஒருத்தராவது எறங்குற வரைக்கும் கதவு சாத்தாது, லிஃப்டும் நகராது."

முதல் ஆளாக மேஸ்திரியே ஏறட்டும் என்றார் முதலாளி. இத்தனை பேர் முன்னால் உபகாரசாமியால் மறுக்க முடியவில்லை. தனியாக உள்ளே போய் நின்றான்.

மணி அடித்தது.

கூட்டம் சிரித்தது. "ஏனுங்க மேஸ்திரி, யாரையாச்சும் எறக்கி உடுங்க!" என்று ஒருவர் கத்தினார். சரவணமுத்து பதறிப்போய்ப் பட்டன்களை மாற்றி மாற்றி அழுத்தினான்.

உபகாரசாமி சிரிக்கவில்லை. நெரிசலில் நசுங்குகிறவனைப் போல அவன் தோள்கள் ஒடுங்கின. கால் எடுத்து வைக்கப் பார்த்தான், முடியவில்லை. கண்கள் கூட்டத்தில் தங்கையைத் தேடிப் பிடித்தன. மூச்சுக்காக மோவாயை மேலே, இன்னும் மேலே தூக்கினான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கதவு சாத்திக்கொண்டது.