ஆள் குளித்தால்தான் பற்றும்

குளியலறையின் வெளிச்சுவரில் புதுக் காஸ் கீசர் ‘டப்’பென்று பற்றிக்கொண்ட சத்தம் கேட்டபோது, கொன்ஸ்ரன்ஸ் குசினியில் கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள். குளியலறையில் யாருமில்லை. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அவள் இங்கே, புருஷன் ஹெக்டர் ஹோலில் சாய்மனைக் கதிரையில். நெருப்பின் மெல்லிய இரைச்சல் கொஞ்ச நேரம் கேட்டு நின்றது. பைப் ஒழுகுதாக்கும் என்று நினைத்தாள். எழுந்துபோய்ப் பார்க்க உடம்பில் தெம்பில்லை. சனியன் பிடித்த களைப்பு.

ஆமிச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டுபோன ஹெக்டரை மாதக்கணக்கில் வைத்திருந்து, போன கிழமைதான் விட்டார்கள். துறைமுகத்தில் கிளாக் வேலை பார்த்தவன். பகிடிக்கும் சிரிப்புக்கும் கொட்டாஞ்சேனை முழுக்கப் பேர்போனவன். வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. தொட்டால் ஐஸ். கொழும்பு வெக்கையில் போர்வைக்குள் நடுங்கினான். சுடுதண்ணீர் வார்த்தால் உடம்பு இளகும், உடம்பு இளகினால் பேச்சு வரும் என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை, அவளாகத்தான் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது? அவன் குரலைக் கேட்காவிட்டால் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

அந்த வருஷம் மழையில்லாமல் கரண்டும் பாதி நாள் இல்லை. கரண்ட் கீசர் வாங்கி என்ன, சுவருக்கு அலங்காரமா? அதனால்தான் பதியுதீன் நானாவின் கடைக்குப் போய்க் காஸில் எரிவதைக் கேட்டாள்.

“டேங்கி வெச்சது வாணாம் தங்கச்சி. அது சும்மாவே காஸக் குடிச்சிட்டு ஈக்கும்,” என்றார் அவர். “இத எடுங்க. ஆள் குளிச்சாத்தான் பத்தும். பைப்பப் பூட்டினா அணைஞ்சிடும்.”

“பாத்ரூம் சரியான சின்னது நானா. ஒரு குட்டி ஜன்னல்தான்.”

“அப்ப உள்ளுக்குப் பூட்டவே வாணாம். வெளிச்சுவர்ல பூட்டுங்க. காஸ் கசிஞ்சா மணக்கும். எரிஞ்ச புகைக்கு மணமே இல்ல. மௌத்தாகிறதே தெரியாது.”

அவர் சொன்னபடியே பூட்டியாயிற்று. ஆனால் ஹெக்டர் கதிரையை விட்டு அசையவில்லை.

“எழும்புங்கோவன். ஒருக்கா ஊத்திட்டு வந்து இருங்கோ,” என்று கெஞ்சினாள், ஏசினாள். ம்ஹும். கதிரையின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தான்.

பொழுது சாய, கரண்ட் போனது. காற்றாடி நின்றதும் வீட்டுக்குள் வெக்கை இறங்கியது. பக்கத்து வீட்டு ரேடியோவும் அடங்கிப்போக, கடற்பக்கமிருந்து கப்பல் ஒன்றின் ஊதல் மட்டும் நீளமாகக் கேட்டது. மெழுகுதிரியைக் கொளுத்தினாள்.

டப்.

இந்த முறை நிற்கவில்லை. வாளியில் தண்ணீர் விழுந்தது. பிறகு யாரோ அள்ளி அள்ளித் தலையில் ஊற்றும் சத்தம். கருவாட்டு மணத்தை மீறிச் சவர்க்கார மணம்.

ஹோலை எட்டிப் பார்த்தாள். கதிரை. போர்வை. அதற்கு மேல் ஹெக்டரின் தலை.

மாதாவே!

குளியலறைக் கதவு உள்ளே கொண்டி போட்டிருந்தது. இடுக்கால் ஆவி வந்தது. கதவைத் தட்டினாள். சுற்றிவளைப்புக் காலத்தில், யார் வாசலில் நின்றாலும் தமிழில் குரல் கொடுக்காமலிருக்கப் பழகிய நாக்கு, சொந்த வீட்டுக் குளியலறையிலும் சிங்களத்தில்தான் ‘யார்’ என்று கேட்டது.

“கவுத?”

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“கட்டின புருஷனிட்டச் சிங்களத்தில கேக்கிறியா? நல்லாயிருக்கு!” சிரிப்பு. ஹெக்டரின் சிரிப்பேதான். “நான்தானடி. இப்பதான் வந்தனான். அந்தத் துவாயத் தா.”

அவளுக்கு அழுகை முட்டியது. சந்தோஷம். இத்தனை நாள் ஏங்கிய குரல். அப்படியென்றால் இத்தனை நாள் அவள் சோறு ஊட்டியது யாருக்கு?

ஹோலில் கதிரை கிறீச்சிட்டது.

காலடி. மெதுவாக. போர்வை தரையில் இழுபட்டது.

திரும்பவில்லை. முடியவில்லை. முதுகில் குளிர்.

உள்ளே கொண்டி கழன்றது. கதவு ஒரு சாண் திறந்தது. ஆவிக்குள்ளிருந்து ஈரம் சொட்டச் சொட்ட ஒரு கை வந்தது. அவள் தோளுக்கு மேலால், பின்னாலிருந்து இன்னொரு கை நீண்டது. காய்ந்து குளிர்ந்த கை, துவாயை ஏந்தியபடி. இரண்டு கைகளின் விரலிலும் அவள் போட்ட அதே கல்யாண மோதிரம்.