தகட்டில் எழுந்த நரம்பு

இலையின் நரம்பு வெள்ளியில் பள்ளமாகத்தான் விழும். தணலில் காட்டி இளகவைத்த தகட்டின் மேல் இலையைக் குப்புறப் போட்டு, அதன் மேல் இன்னொரு தகட்டை வைத்து, இரண்டையும் சேர்த்து உருளை மெஷினுக்குள் கொடுத்துக் கைப்பிடியைச் சுற்றினால், மறுபக்கம் வெளியே வரும்போது இலை கூழாகியிருக்கும், அதன் கோடுகள் வெள்ளிக்குள் இறங்கியிருக்கும். பெரணி, சோளத் தோகை, மரப்பட்டை, காய்ந்த பூவிதழ் என்று, வெள்ளி நகை செய்யும் அவள் எத்தனையோ வருடங்களாகச் செய்துவரும் வேலை அது. அன்று பிற்பகல் பின்கட்டுச் சுவரில் தானாகப் படர்ந்திருந்த கொடியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி வந்து உருட்டினாள். கோடுகள் மேடாக எழுந்திருந்தன.

கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். பாரம் தூக்கியவனின் புறங்கை நரம்புகள் போலப் புடைத்து, லேசாக அமுங்கின. தகட்டை வெளியே எடுத்து வெகு நேரமாகியும் சூடு போகவில்லை.

உருக்கிவிட்டிருக்கலாம். ஆனால் அழகாக இருந்தது. வீட்டில் வெறுங்கையோடு ஒருத்தி இருந்தாள். கணவனின் தங்கை, புகுந்த வீட்டை உதறிவிட்டு ஒரு பையில் இரண்டு மாற்றுத் துணியோடு வந்தவள். அண்ணன்காரன் வெளியூர் வேலையில் இருந்ததால் அண்ணியான அவள்தான் கதவைத் திறந்தாள், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தகட்டை வளைத்து, முனைகளைப் பற்றவைத்து, அகலமான காப்பாக்கி நாத்தனாரின் கையில் ஏற்றினாள்.

"எனக்கு எதுக்கு அண்ணி இதெல்லாம்? பாத்திரம் தேய்க்கிற கை."

"பாத்திரம் தேய்க்கிற கைக்குத்தான் போடணும். சும்மா இருக்கிற கைக்குப் போட்டா நகையும் சேர்ந்து தூங்கிடும்."

சில நாள் கழித்து நாத்தனார் போனை நீட்டினாள். "விரல் வச்சா திறக்க மாட்டேங்குது அண்ணி. கட்டினவன்தான் என்னைத் தெரியாதுன்னான். இப்ப இதுவுமா?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அந்த விரலைப் பிடித்துப் பார்த்த அண்ணி சிரிப்பை நிறுத்தினாள். விரல் நுனியில் ரேகை இல்லை. மெருகு போட்ட தகடுபோல வழவழப்பாக இருந்தது.

சோப்புத் தண்ணீரால் வந்தது என்று டாக்டர் களிம்பு எழுதிக்கொடுத்தார். களிம்பு தீர்வதற்குள் உள்ளங்கைக் கோடுகள் போயின. பிறகு விரல் மடிப்புகள். புறங்கையில் பச்சையாக ஓடிக்கொண்டிருந்த நரம்புகள் ஒவ்வொன்றாக அடங்கின. காப்பிலோ கோடுகள் நெருங்கிக்கொண்டே வந்தன. தன் கையால் செய்த பொருளில் எது எங்கே இருந்தது என்று அவளுக்குத் தெரியாதா? விளக்கைத் தாழ்த்திப் பிடித்துப் பார்த்தாள். நரம்புகளுக்கு இடையே, இலையில் எங்கும் இல்லாத சுழிகள் இருந்தன. அவை நாத்தனாரின் கட்டைவிரல் ரேகை.

அன்று மாலை மழை பிடித்தது. ஓட்டுக்கூரையில் விழும் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம், ஈரத் துணியைத் தரையில் மெல்ல அடிப்பதுபோல, நிதானமாக விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. பட்டறை முழுக்கக் கசக்கிய இலையின் வாடை. அவள் காப்பின் மேல் காதை வைத்தாள். சத்தம் அதற்குள்ளிருந்துதான் வந்தது.

சோப்பு போட்டு இழுத்தாள். எண்ணெய் விட்டு இழுத்தாள். நகரவில்லை. கம்பி ரம்பத்தை எடுத்து விளிம்பில் வைத்து மெல்ல ஓட்டினாள். நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டு துடித்தாள். வெட்டு வாயிலிருந்து ஏதோ ஈரம் கசிந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தபோது வெட்டு மூடியிருந்தது.

"விட்டுடுங்க அண்ணி. நீங்க அறுக்கிறது எனக்கு வலிக்குது." நாத்தனார் கையை இழுத்துக்கொண்டாள். முழங்கைவரை கை வெறும் வழவழப்பாகிவிட்டது. "இது உங்களையும் பிடிச்சுக்கும். கதவைச் சாத்திட்டுப் போயிடுங்க. நான் எங்க போனாலும் சங்கடம்தான்."

"இன்னொரு தடவை அப்படிச் சொன்னே, காப்புக்கு முன்னாடி நான் உன்னை அடிப்பேன்."

அவள் கண்ணை மூடினாள். தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள்தான், ஆனால் இன்று கெஞ்சத் தோன்றவில்லை. ஆண்டவனே, இந்த வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன், நீ பக்கத்தில் உட்கார்ந்திரு, அது போதும் என்று மனதுக்குள் சொன்னாள். பயத்தில் இருக்கும் ஒருவரின் கையைப் பிடித்துக்கொள்வது சின்ன உதவிதான். அதைச் செய்கிற ஒருவரை யாரும் முழுதாகத் தோற்கடிக்க முடியாது என்று அவள் நம்பினாள்.

பிறகு காப்பைப் பார்த்துப் பேசினாள், கடைத்தெருவில் ஏமாற்றுக்காரனிடம் பேசுவதுபோல.

"இங்க பாரு. உன்னைச் செஞ்சவ நான். உனக்குக் கோடுதானே வேணும்? என் கையில கொள்ளையா கிடக்கு. சுத்தியல் பட்டது, அரம் பட்டது, நெருப்பு பட்டது. தின்னு பாப்போம். இவளை விடு."

நாத்தனார் தடுப்பதற்குள் காப்பைத் தன் உள்ளங்கையால் மூடி இறுக்கினாள்.

சூடு. பிறகு இழுப்பு. தோலுக்கு அடியில் நூல் உருவுவதுபோல. வலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது. கையை எடுக்க உடம்பு துடித்தது. எடுக்கவில்லை.

"அண்ணி, போதும்."

"வாயை மூடு. பிடிச்சுக்கோ."

நாத்தனார் தன் இன்னொரு கையால் அண்ணியின் தோளைக் கட்டிக்கொண்டாள். மழை. வாடை. அந்தச் சத்தம். வேகமாக. இன்னும் வேகமாக. திணறியது, அளவுக்கு மீறித் தின்றதுபோல.

நின்றது.

உள்ளங்கைக்குக் கீழே ஏதோ விரிந்தது. இரண்டாகப் பிளந்த காப்பு தரையில் விழுந்து உருண்டது. அதில் ஒரு கோடும் இல்லை. மொட்டைத் தகடு. சில்லென்று கிடந்தது.

"விழுந்துடுச்சு," என்றாள் நாத்தனார். நம்பாமல் இன்னொரு முறை சொன்னாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது. "நெருப்புப் பட்ட கை அண்ணி உங்களுது, அதுக்கே செரிக்கலை."

"பின்னே? யார்கிட்ட வந்து."

நாத்தனார் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். அண்ணியின் கையும் கூடவே எழுந்தது.

அண்ணி பிடியைத் தளர்த்தப் பார்த்தாள். தளரவில்லை. விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். பிரிக்க விரல்கள் இல்லை.

விளக்கை அருகே இழுத்தாள். வாழ்நாள் முழுக்க நகை பற்றவைத்துப் பழகிய கண். எந்த நகையிலும் இணைப்பு ஓடும் இடத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும் கண். தன் மணிக்கட்டிலிருந்து மெல்லத் தேடிக்கொண்டே போனாள். தோல், தோல், தோல். நாத்தனாரின் முழங்கை வந்துவிட்டது. தன் கை எங்கே முடிந்தது என்று தெரியவில்லை.

"அண்ணி?"

"இங்கதான் இருக்கேன். விடமாட்டேன்."

விளக்கொளியில் இரண்டு பெண்களுக்கு நடுவே ஒரே கை, வெள்ளியாய்ப் பளபளத்தது. ஒட்டுத் தெரியாத, சுத்தமான வேலை. அதன் நடுவில், வழவழப்பான தோலுக்கு அடியிலிருந்து, நரம்புகள் ஒவ்வொன்றாக மேடாக எழுந்துகொண்டிருந்தன.