ஏழு வாத்துகளும் ஒரு படகும்

பவுனம்மாள் காலையில் எழுந்தாள். பல் துலக்கினாள். வாத்துக் கூண்டைத் திறந்தாள். ஏழு வாத்துகளையும் எண்ணினாள். முட்டைகளைப் பொறுக்கினாள். பிறகு ஆற்றங்கரைக்குப் போய், இரவு தண்ணீர் எதுவரை ஏறி வந்திருந்ததோ அங்கே ஒரு குச்சி நட்டாள்.

தினமும் இதே வேலைதான். கிள்ளான் ஆற்றில் கடல் நீர் ஏறும், இறங்கும். முன்பு அவளிடம் எட்டு வாத்துகள் இருந்தன. ஒரு நாள் தண்ணீர் கூண்டுக்குள் வந்து ஒன்றைக் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்துதான் இந்தக் குச்சிகள். அது 1929ஆம் வருடம். அவளுக்குப் பத்து வயது.

வாத்துக் கூண்டுக்குப் பின்னால், கொஞ்சம் மேட்டில், ஒரு படகு நின்றது. கார்த்திகேசு மாமாவும் மாரியாயி அத்தையும் மூன்று வருடமாகக் கட்டிய படகு.

அத்தை கடல் தாண்டி, சொந்த ஊரிலிருந்து வந்தபோது ஏழு நாளும் கப்பலின் அடித்தட்டில் தலை சுற்றிப் படுத்தே கிடந்தாள். கடலை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. துறைமுகத்தில் நின்று பார்த்தாலும் தீவும் காடும்தான் தெரிந்தன. கடல் அதற்கு அப்பால் இருந்தது.

"நம்ம படகுல கூட்டிட்டுப் போய் காட்டறேன்" என்றார் மாமா.

மாமா ரயில் பெட்டி பழுது பார்க்கும் தச்சர். படகையும் அப்படியே கட்டினார். தடித்த பலகை, பெரிய பெரிய இரும்பு ஆணி.

"ஏங்க, கனம் கூடுதுங்க" என்பாள் அத்தை.

"நான் செய்யற பெட்டி இருபது வருஷம் ஓடும். படகு மட்டும் பஞ்சுலயா செய்வேன்?"

"கடல்ல தண்டவாளம் கிடையாதுங்க."

ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. பஞ்சாங்கம் பார்த்து, பதினொரு மணிக்கு நல்ல நேரம் என்று குறித்தார்கள். தேங்காய் உடைத்தார்கள். இருபது பேர் கயிறு பிடித்து இழுத்தார்கள்.

படகு அசையவில்லை. அந்த நேரம் ஆறும் வற்றி எங்கோ கீழே கிடந்தது. நடுவில் முழங்கால் அளவு சேறு. இழுத்தவர்கள்தான் சேற்றில் இறங்கினார்கள்.

"என்ன கார்த்திகேசு, எஞ்சின் மாட்ட மறந்துட்டியா?" என்று கேட்டார் பவுனம்மாளின் அப்பா தம்புசாமி. எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

பக்கத்தில் கட்டப் போகிற கிடங்குக்குக் கணக்குப் பார்க்கும் கிராணி குடையோடு வந்து நின்றார். "புதன்கிழமை இங்க கல்லு இறக்கணும். அதுக்குள்ள இது போகலேன்னா, வெட்டி விறகாக்கிடுவேன்."

ஆட்கள் கலைந்து போனார்கள். அத்தை மட்டும் படகில் ஏறித் தனியாக உட்கார்ந்திருந்தாள். பவுனம்மாள் ஓர் அவித்த முட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"அங்கேருந்து கடல் தெரியுதா அத்தை?"

"தெரியுதே. கொஞ்சம் சேறா இருக்கு."

அத்தை முட்டையை உரித்தாள். பிறகு அதைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

பவுனம்மாள் வேறு பக்கம் பார்த்தாள். அங்கே அவளுடைய குச்சிகள் வரிசையாக நின்றன. போன மாதம் பௌர்ணமி முடிந்து இரண்டாம் நாள் விடியலில் நட்ட குச்சி, கூண்டை ஒட்டி நின்றது. தண்ணீர் அவ்வளவு தூரம் வந்திருந்தது. அங்கிருந்து படகு வரை எண்ணி நடந்தாள். பதினாறு அடி வைப்பு.

அவள் வீட்டுக்கு ஓடினாள்.

"அப்பா, படகைத் தண்ணிக்கு இழுக்க முடியலல்ல? தண்ணியைப் படகுகிட்ட கொண்டு வந்தா?"

தம்புசாமி சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "எப்படி?"

"கான் வெட்டி."

அவர் ரப்பர் தோட்டத்திலும் சாலையோரத்திலும் பதினைந்து வருடமாக வடிகால் கான் வெட்டியவர். மழைநீர் ஓட எத்தனையோ மைல் வெட்டியிருக்கிறார். தண்ணீர் உள்ளே வருவதற்கு ஒன்றுகூட வெட்டியதில்லை. கை கழுவிவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

"இழுக்கறது நமக்கு வரல. வெட்டறது வரும் லா!"

அன்று மாலையே ஆறு பேர் வெட்டத் தொடங்கினார்கள். தண்ணீர் உயர வருவது செவ்வாய்க்கிழமை விடியலில் என்று பவுனம்மாள் சொன்னாள்.

"செவ்வாய்க்கிழமையா? நல்ல காரியத்துக்கா?" என்று இழுத்தார் மாமா.

"தண்ணி என்ன, பஞ்சாங்கம் பார்த்தா வருது? வெட்டுங்க" என்றாள் அத்தை.

திங்கட்கிழமை மாலை கான் வாத்துக் கூண்டுக்கு முன்னால் வந்து நின்றது. சுற்றிக்கொண்டு போகலாம். ஆனால் இன்னும் ஒரு நாள் ஆகும்.

கூண்டைப் பிரிக்கலாமா என்று யாரும் பவுனம்மாளிடம் கேட்கவில்லை. மண்வெட்டிகள் சும்மா நின்றன. இடம் மாற்றினால் வாத்துகள் பல நாள் முட்டை இடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கூண்டின் முதல் கம்பைத் தன் கையாலேயே பிடுங்கினாள்.

"இன்னைக்கு ராத்திரி இதுங்க எங்க தூங்கும்?" என்று கேட்டார் மாமா.

"உங்க ரயில் பெட்டியில" என்றாள் பவுனம்மாள். இரண்டு நாளில் முதல் முறையாக மாமா சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. பவுனம்மாள் பல் துலக்கவில்லை. முட்டை தேடவில்லை. படகிலிருந்த வாத்துகளை அவசரமாகக் கரையில் இறக்கிவிட்டாள்.

தண்ணீர் கானுக்குள் சத்தமில்லாமல் நுழைந்தது. காய்ந்த இலைகளைத் தள்ளிக்கொண்டு வந்தது. படகின் அடியைத் தொட்டது. மேலே ஏறியது.

படகுக்குள் எங்கோ ஒரு பலகை முனகியது. பிறகு அந்தக் கனத்த படகு, தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல, மெல்ல ஆடியது.

"மிதக்குது!" என்று கத்தினார் மாமா.

இப்போது இருபது பேர் தேவைப்படவில்லை. நான்கு பேர் தள்ளினார்கள். மாமா துடுப்பை எடுத்தார். அத்தை முன்பக்கம் உட்கார்ந்தாள். தண்ணீர் திரும்பி இறங்கத் தொடங்கியதும், ஆறே படகைக் கடல் பக்கமாக அழைத்துக்கொண்டு போனது.

பவுனம்மாள் கரையில் நின்று கைகாட்டினாள். பிறகு பழக்கத்தில் வாத்துகளை எண்ணினாள். ஆறு. மறுபடி எண்ணினாள். ஆறுதான்.

படகு ஆற்று வளைவில் மறைவதற்கு முன் மாரியாயி அத்தை எழுந்து நின்று ஏதோ சொன்னாள். அது என்னவென்று பிறகு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சாமியைக் கும்பிட்டாள் என்றார்கள் சிலர். ஊர்ப் பெயரைச் சொல்லி அழுதாள் என்றார்கள் சிலர். கரையோரமாக ஓடிப்போய் நின்றது பவுனம்மாள் மட்டும்தான். அவள் காதில் தெளிவாக விழுந்தது.

"பவுனு! ஒண்ணு இங்க பலகைக்கு அடியில இருக்குடி! இருக்கட்டும், அதுவும் இன்னும் கடலைப் பார்த்ததில்ல!"